தேய்க்காத கை

பாதி டாக்டரின் கைபேசிக்கு ஆய்வு முடிவு வந்ததும், அவன் கூரை பிய்த்துக்கொள்ளும்படி கத்தியதும், அக்கா மட்டும் அடுப்படியில் அசையாமல் நின்றதும் போன வார அத்தியாயத்தில் படித்தவை. தம்பி ஜெயித்ததில் அக்காவுக்கு வயிற்றெரிச்சலா என்று வாசகர் ஒருவர் கேட்டே விட்டார். அந்தப் பழி அவள்மேல் விழ வேண்டாம். அவள் ஏன் அப்படி நின்றாள் என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும்.

இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு முதலில் நாலு வரி.

அக்கா ஒரு பால் ஆலையில் கழுவும் பிரிவின் மேற்பார்வையாளர். பதினெட்டு வருடமாகக் கையில் நைலான் பிரஷ். அதனால் ஆலையில் அவளுக்குப் பெயரே பிரஷ் அக்கா. அவள் கணவர் அதே ஆலையில் ஃபிட்டர். குழாயைக் கழற்றுவார், மாட்டுவார், இரண்டுக்கும் நடுவில் விசிலடிப்பார். தம்பி, அம்மா போன பிறகு அக்கா கையில் வளர்ந்தவன். கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறான். பட்டம் இன்னும் கைக்கு வராததால் வீட்டில் அவன் பாதி டாக்டர்.

ஆலைக்கு ஆறு மாதமாக ஒரு தலைவலி. பாக்கெட்டில் போட்ட தேதிக்கு இரண்டு நாள் முன்பே பால் கெட்டுப்போகிறது. காரணம், குழாய் இணைப்புகளிலும் தொட்டி விளிம்புகளிலும் படிந்த ஒரு வழவழப்பு. கிருமிகள் கூடிக் கட்டிக்கொண்ட வீடு அது. தாங்களே சுரந்த பசையைப் போர்த்திக்கொண்டு உள்ளே சுகமாகக் குடித்தனம் நடத்தும். குளோரினை ஊற்றினால் மாடியில் இருப்பவை சாகும். கீழ்வீட்டில் இருப்பவை மறுநாள் எழுந்து மாடியை மறுபடி கட்டிவிடும்.

பாதி டாக்டர் ஓம எண்ணெயையும் கிராம்பு எண்ணெயையும் தண்ணீரில் கரையும்படி சேர்த்து ஒரு மருந்து செய்திருந்தான். அது பசைக்குள்ளேயே நுழைந்து கிருமியைப் பிடிக்கும் என்பது அவன் கட்சி. ஆலையில் பத்து நாள் சோதித்துப் பார்க்க முதலாளி அனுமதி கொடுத்தார். தீப்பெட்டி அளவில் பன்னிரண்டு எஃகுத் துண்டுகள், விற்பனைக்குப் போகாத மிச்சப் பால் சேரும் தொட்டிக்குள் கம்பியில் தொங்கின. நீல நூல் கட்டிய ஆறுக்கு ஆலையின் வழக்கமான கழுவல். சிவப்பு நூல் கட்டிய ஆறுக்குத் தம்பியின் மருந்து. தினமும் முக்கி, பத்து நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசி, திரும்பத் தொங்கவிட வேண்டும். தேய்க்கக் கூடாது. தேய்த்தால் போகும் என்பது யாருக்கும் தெரியும். தேய்க்க முடியாத இடத்தில் போகுமா என்பதுதான் கேள்வி.

இதற்காகவே அவன் ‘தொடாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் ஓர் அட்டை எழுதி மாட்டியிருந்தான். அந்த அட்டை மற்றவர்களுக்கு என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

நடந்தது அவ்வளவுதான். எட்டாம் நாள் விடியற்காலை ஷிப்டுக்கு முதல் ஆளாக வந்தவள், தொட்டி மூடியைத் திறந்து பார்த்தாள். சிவப்புத் துண்டுகளில் வழவழப்பு இருந்தது. நீலத்தைவிடக் குறைவா, அதே அளவா என்றுகூட அவள் பார்க்கவில்லை. என் தம்பி துண்டில் அழுக்கா என்று மனசு கேட்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த பிரஷ்ஷை எடுத்து, ஆறையும் பளபளவென்று தேய்த்துத் தொங்கவிட்டாள். போட்டோ எடுப்பதற்கு முன் குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிடுவது போலத்தான் அது அவளுக்கு. ஒன்பதாம் நாளும் தேய்த்தாள். பத்தாம் நாளும் தேய்த்தாள். நீலத் துண்டுகள் பக்கம் பிரஷ் போகவே இல்லை.

இன்று காலை சாப்பாட்டு மேஜையில் ரொட்டித் துண்டு கையிலேயே இருக்க, பாதி டாக்டர் அந்த முடிவை மூன்றாவது முறையாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். நீல நூல் துண்டுகளில் கிருமிகள் லட்சக்கணக்கில். சிவப்பில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இஸ்திரி போட்ட சட்டையில் ஜாம் சொட்டியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. அக்காதான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“மாப்ளே, மீதிப் பாதி டாக்டரும் இன்னைக்கு வந்து சேர்ந்துடுவாரு போலிருக்கே” என்றார் ஃபிட்டர். “இனிமே உன்னைப் பேரு சொல்லிக் கூப்பிடலாமா, இல்லை டோக்கன் வாங்கிட்டு வரணுமா?”

தம்பி சிரித்தான். சின்ன வயதில் பல் விழுந்த காலத்தில் சிரித்த அதே சிரிப்பு. ஜாம் போன பிறகும் அக்கா அந்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு முதலாளியும் தர அதிகாரியும் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆலை தரப்போகும் கடிதம் அவன் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். மாதம் முடிவதற்குள் அதைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் வாங்கியாயிற்று. மூன்றாவது முறை தரமாட்டார்கள். ஐந்து வருட உழைப்பு. இது அக்காவுக்கும் தெரியும்.

தெரியாத ஒன்றை அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். “திங்கட்கிழமையிலிருந்து பாக்கெட் லைன் முழுக்க என் மருந்துதான்க்கா. குளோரினை நிறுத்தப்போறாங்களாம்.”

அவள் கையிலிருந்த ஈரத்துணி நின்றுவிட்டது.

மூன்று நாள் காலையில் அவள் பிரஷ் போட்டதைத் தம்பியின் மதிப்பெண்ணோடு மட்டும்தான் சேர்த்துப் பார்த்திருந்தாள். ஒரு கை கொடுத்தோம், போகட்டும் என்று நினைத்தாள். இப்போதுதான் குழாய் கண்ணில் வந்தது. ஆலையின் குழாய்களுக்குள் யாருடைய பிரஷ்ஷும் போகாது. அந்தப் பால் கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் போகிறது. மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா இல்லையா என்பது இந்த நிமிடம் உலகத்தில் யாருக்கும் தெரியாது. அது தெரியாமல் போனதற்குக் காரணம் அவள்.

ஆலைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவள் கழுவும் அறைக்குப் போகாமல் கருவி அறைக்குப் போனாள். கணவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு விசிலடித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல விசில் தேய்ந்து நின்றது.

நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஒரு வழி சொன்னார். இன்றைக்கு வாயைத் திறக்க வேண்டாம். பையன் கடிதத்தை வாங்கட்டும், பட்டத்தை வாங்கட்டும். குளோரினை முழுசாக நிறுத்த வேண்டாம் என்று தர அதிகாரி காதில் நானே போட்டுவைக்கிறேன். பாலுக்கும் கெடுதல் இல்லை, மாப்பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. அவர் சொன்ன விதத்தில் அது நியாயமாகவே கேட்டது. அக்காவுக்கு ஒரு நிமிடம் மூச்சுகூட இலேசானது.

பிறகு தலையை ஆட்டினாள். “வேண்டாங்க. இதுவரைக்கும் நான் மட்டும்தான் தேய்ச்சேன். அப்படிச் செஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்து தேய்ச்ச மாதிரி ஆயிடும்.”

அவர், அவள் ஏப்ரன் முடிச்சு அவிழ்ந்திருந்ததைப் பார்த்து, பின்னால் போய் அதை இறுக்கிக் கட்டிவிட்டார். போய்ச் சொல் என்று அதற்கு அர்த்தம். இருபது வருடத்துக் குடித்தனத்தில் இந்த மொழியெல்லாம் தானாக வந்துவிடுகிறது.

கூட்ட அறை மாடியில். கண்ணாடிக் கதவு. உள்ளே பாதி டாக்டர் சுவரில் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தான். நீலக் கோடு வானத்தைத் தொட, சிவப்புக் கோடு தரையில் கிடந்தது. முதலாளி நாற்காலியில் சாய்ந்து திருப்தியாக இருந்தார். தர அதிகாரி ஐம்பது வயது அம்மாள். எதையும் இரண்டு முறை கேட்பவர். ஆலை முழுக்க அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரப்பர் பூட்ஸ் ஈரம் சொட்ட அக்கா உள்ளே போனாள். தம்பி அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். தன்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச முடியாது என்று அக்கா மேடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“சிவப்பு நூல் துண்டையெல்லாம் நான் தேய்ச்சேன் மேடம். பிரஷ் போட்டு. கடைசி மூணு நாளும்.”

சாய்ந்திருந்த முதலாளியின் நாற்காலி நிமிர்ந்தது.

ஏன் என்று கேட்டவர் முதலாளி. தம்பி துண்டாயிற்றே என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. சொன்னாள். கேட்கும்போது எவ்வளவு அற்பமாக இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. முதலாளிக்குக் கோபம் தலைக்கேறியது. கழுவும் பிரிவில் ஐம்பது பேருக்கு விதி சொல்லித் தருபவள், தன் கண்முன் தொங்கிய அட்டையைப் படிக்கவில்லையா, இதே தப்பை இன்னொருத்தி செய்திருந்தால் அவள் சும்மா விட்டிருப்பாளா என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொரு கேள்வியும் நியாயமாக இருந்தது.

மேடம் மட்டும் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். எஃகுத் துண்டில் இவ்வளவு நல்ல முடிவு எப்படி வந்தது என்று காலையிலிருந்து தனக்கு உறுத்தியதாகவும், இப்போது உறுத்தல் தீர்ந்ததாகவும் சொன்னார். சொல்லிவிட்டு எந்த பிரஷ், எவ்வளவு நேரம் என்று இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார்.

பாதி டாக்டர் சுவரிலிருந்த படத்தை அணைத்தான். மடிக்கணினியை மூடினான். முகத்தில் ஒன்றும் இல்லை.

“இந்த முடிவு செல்லாது சார். நான் திருப்பி வாங்கிக்கறேன்” என்றான். அக்காவைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனான்.

அவள் அவனைத் தேடிப் பிடித்த இடம் பின்பக்கப் படிக்கட்டு. காலி பால் கூடைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். வீட்டில் கோபம் வந்தால் மொட்டை மாடி, இங்கே கோபம் வந்தால் இந்தப் படி. மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தான். அக்கா இரண்டு படி கீழே நின்றாள். திட்டுவான், கத்துவான், ஐந்து வருடம் போச்சே என்பான் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள்.

அவன் கேட்டது வேறு. “நான் தோத்துடுவேன்னு நினைச்சுதானேக்கா தேய்ச்சே?”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். இல்லையடா, பாசத்தில் செய்தேன் என்று சொல்லலாம். அதுவும் பொய் இல்லை. ஆனால் அந்த விடியற்காலை தொட்டி மூடியைத் திறந்த நொடி அவள் மனசில் முதலில் என்ன வந்தது என்று அவளுக்குத் தெரியும். இவனால் முடியவில்லை என்றுதான் வந்தது. அதற்குப் பின்னால்தான் பாசம் பிரஷ்ஷை எடுத்தது.

“ஆமாடா” என்றாள். “நம்பலை.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு ஒரு பழைய கதையை எடுத்தான். ஆறாம் வகுப்பில் உலக வரைபடம் வரையச் சொன்னார்கள். இவன் பாதி வரைந்துவிட்டுத் தூங்கிப்போனான். காலையில் எழுந்து பார்த்தால் கடலுக்கெல்லாம் அழகாக நீலம் தீட்டி, கோணல் கண்டங்கள் நேராகி இருந்தன. தூக்கக் கலக்கத்தில் தானே முடித்துவிட்டோம் என்று நினைத்தானாம். பரிசும் வாங்கினான். அக்கா வேலை என்று எட்டாம் வகுப்பில்தான் தெரிந்தது.

“அன்னைக்கு எனக்குக் கோபமே வரலைக்கா. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் எதுல ஜெயிச்சாலும் ஒரு தடவை உன் முகத்தைப் பார்ப்பேன். இது என்னோடதா, உன்னோடதான்னு. நேத்தும் பார்த்தேன். நீ அடுப்பு பக்கம் திரும்பிக்கிட்டே.”

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவனுக்கு மூக்கைத் துடைத்து, பென்சிலைச் சீவி, கோணலை நேராக்கி, ஒரு பிள்ளையை நன்றாக வளர்த்துவிட்டோம் என்று இத்தனை நாள் பெருமையாக இருந்தவள். அந்தப் பெருமைக்குள் இப்படி ஒரு முள் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்டாள். அவன் சரி என்று சொல்லவில்லை. நகர்ந்து உட்கார்ந்து படியில் இடம் விட்டான். அவள் உட்கார்ந்தாள். ஈர ஏப்ரன் அவன் இஸ்திரிச் சட்டையில் பட்டது. அவன் விலகவில்லை.

அந்த நேரம் பார்த்து விசில் சத்தம் கேட்டது.

ஃபிட்டர் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் மேடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாய் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்களை மாற்றுவது வழக்கம். அடுத்த வாரம் மாற்ற வேண்டியதை அவர் இன்றைக்கே கழற்றிவிட்டார். வாளியில் பழைய வளையங்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் ஒரு குறுகலான பள்ளம். அந்தப் பள்ளம் முழுக்க அதே வழவழப்பு, மூன்று மாதத்துச் சேமிப்பு.

“இரும்புத் துண்டுல புதுசா வளர்த்துப் பார்க்கறதுக்கு மாசம் முடிஞ்சிடும் மாப்ளே” என்றார். “இதுங்க நல்லா வளர்ந்த பயலுங்க. வீடு கட்டி, வாசல் தெளிச்சு, செட்டில் ஆனதுங்க. இதுல உன் மருந்தைப் போட்டுப் பாரேன்.”

மேடம் வளையத்தைக் கையுறை போட்ட விரலால் திருப்பிப் பார்த்தார். எஃகுத் துண்டைவிட இதுதான் நல்ல சோதனை என்றார். வளையத்தைக் கத்தரித்துப் பன்னிரண்டு துண்டு எடுத்து, இன்றைக்கே ஆரம்பித்து ஏழு நாள். அப்புறம் கிருமியை எண்ண மூன்று நாள். எழுதி முடிக்க நான்கு நாள். மாதக் கடைசிக்கு மயிரிழையில் போய்ச் சேரலாம். முதலாளியிடம் அவரே பேசியாயிற்று. முதலாளிக்கு இரண்டு நிபந்தனை. வளையத்தில் ஜெயிக்கும்வரை பாக்கெட் லைனில் குளோரின் நிற்காது. இன்னொரு தடவை யாராவது துண்டைத் தொட்டது தெரிந்தால் சோதனையே கிடையாது.

பாதி டாக்டர் வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கூட்ட அறையிலிருந்து செத்துக் கிடந்த கண்ணில் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் ஒரு சிக்கல். கிருமிகளை எண்ணும் தட்டுகளைத் தயாரிக்க அவன் பல்கலைக்கழகத்தில் இருந்தாக வேண்டும். பஸ்ஸில் மூன்று மணி நேரப் பயணம். இன்று நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் உண்டு. ஏழு நாளும் இங்கே துண்டுகளை முக்கி எடுப்பது யார்?

பேக்கிங் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள், பொறுப்பானவள் என்றார் மேடம். எது எந்தத் துண்டு என்று சொல்லாமல் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது என்றும் சொன்னார். ஃபிட்டர் ஒரு பெருமூச்சு விட்டு, வாளியோடு கொண்டுவந்திருந்த மருந்துப் புட்டியின் மூடியைத் திறந்து மேடத்தின் மூக்குக்குக் கீழே நீட்டினார். பல் டாக்டர் வீட்டுக்கு வந்தது போலக் குப்பென்று கிராம்பு வாசனை அடித்தது. சளி பிடித்தவனுக்குக்கூட எது எது என்று தெரிந்துவிடும். அன்று முதன்முறையாக நால்வரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் தம்பி சொன்னான். “அக்கா செய்யட்டும் மேடம்.”

மேடத்தின் புருவம் உயர்ந்தது. அக்காவே பதறிப்போனாள். தன் கையைத் தனக்கே நம்ப முடியவில்லை என்று சொல்லவும் செய்தாள்.

“வேற யாரு செஞ்சாலும், தப்பு நடந்தா எனக்குத் தெரியவே வராது” என்றான் அவன். மேடத்தைப் பார்த்துத்தான் பேசினான். “இவ செஞ்சா வந்து சொல்லிடுவா. இன்னைக்கு வந்து சொன்னாளே.”

மேடம் அதை இரண்டாவது முறை கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனார்.

மூன்றரை மணிக்குள் வளையங்கள் கத்தரிக்கப்பட்டு, நூல் கட்டப்பட்டு, எண் போடப்பட்டுக் கம்பியில் ஏறிவிட்டன. முதல் முக்கலுக்கு எல்லாம் தயார். தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வான் என்று அக்கா நினைத்தாள். நிற்கட்டும் என்று ஆசையாகவும் இருந்தது. அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

“இருந்து பார்த்துட்டுப் போயேன்டா. அடுத்த பஸ் அஞ்சரைக்கு இருக்கு” என்றாள்.

“நான் நின்னா நீ எனக்காகச் செய்வே” என்றான். “நான் போறேன்.”

அவள் தோளை ஒரு முறை தொட்டான். போய்விட்டான். ஃபிட்டர் அவனை ஸ்கூட்டரில் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். கழுவும் அறையில் அக்காவும் பன்னிரண்டு ரப்பர் துண்டுகளும் மட்டும் இருந்தார்கள்.

அவள் முதலில் இடுப்பிலிருந்த பிரஷ்ஷை எடுத்து, நடந்துபோய், அறையின் அந்தக் கோடி ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

நீலத் துண்டுகள் சுலபமாக முடிந்தன. முக்கி, கடிகாரம் பார்த்து, அலசி, தொங்கவிட்டாள். பிறகு சிவப்பு. கிராம்பும் ஓமமும் அறை முழுக்க மணத்தன. பத்து நிமிடம். இவ்வளவு நீளமான பத்து நிமிடத்தை அவள் பார்த்ததில்லை. அலசி எடுத்து முதல் துண்டைத் திருப்பினாள். பள்ளத்தில் வழவழப்பு அப்படியே இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும் இருந்தது.

முதல் நாள்தானே என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் கை கேட்கவில்லை. நான்காவது துண்டைப் பிடித்திருந்த கட்டைவிரல் தானாக நகர்ந்து பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. பிரஷ் எதற்கு? நகமே போதும். பள்ளத்துக்கு அளவெடுத்தது போல இருந்தது நகம். ஒரே ஒரு இழுப்பு. யாரும் இல்லை. ஐந்து வருடம். நாளை அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும்.

அவன் முகம்தான் அவளை நிறுத்தியது. காலையில் கூட்ட அறையில் மலர்ந்ததே, அந்த முகம் இல்லை. படியில் உட்கார்ந்து, இது என்னோடதா, உன்னோடதா என்று கேட்ட முகம். தோற்றால்கூட அது அவனுடையதாக இருக்கட்டும். அதையாவது அவன் கையில் முழுசாகக் கொடுக்க வேண்டும். இப்படி நினைக்கும்போது அழுகை வந்துவிட்டது. தேய்க்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று பதினெட்டு வருடத்தில் அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

கட்டைவிரலை எடுத்தாள். நான்காவது துண்டைத் தொங்கவிடும்போது பள்ளத்தின் ஓரத்தில் பசை ஒரு நூலளவு எழும்பி நிற்பது போலத் தெரிந்தது. அது மருந்தின் வேலையா, தன் ஆசையின் வேலையா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. குனிந்து மறுபடி பார்த்தாள். அப்போதும் தெரியவில்லை. ஐந்தையும் ஆறையும் தொங்கவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தம்பி வைத்துவிட்டுப் போன நோட்டைத் திறந்தாள். நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுத வேண்டும் என்று அவன் சொல்லியிருந்தான்.

‘முதல் நாள். சிவப்பு, ஆறிலும் வழவழப்பு இருக்கிறது. தேய்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.